தொடும் இடத்தைப் பாருங்கள்: விசை, நிறை, வேகம், உராய்வு – முழுமையான வழிகாட்டி

தரையில் ஒரு கனமான பெட்டி. தள்ளுகிறீர்கள், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுக்கிறீர்கள், அப்போதும் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓங்கி ஒரு தள்ளு தள்ளியதும் சட்டென்று பெட்டி விடுபட்டு நகர, நீங்களும் ஓரடி முன்னால் தடுமாறுகிறீர்கள். நகரத் தொடங்கிய பிறகோ அதைத் தள்ளிக்கொண்டு போவது முன்பைவிட எளிதாக இருக்கிறது.

இயக்கவியலில் முதலில் கற்க வேண்டியதெல்லாம் இந்த ஒரு தள்ளலுக்குள் இருக்கிறது. பெட்டி ஏன் முதலில் அசையவில்லை, எந்தக் கட்டத்தில் அசைந்தது, பிறகு ஏன் எளிதானது, கையை எடுத்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்ற நான்குக்கும் எண்ணோடு பதில் சொல்ல முடிந்தால் அடித்தளம் உறுதியாகிவிட்டது என்று பொருள்.

மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பக் கண்டது இது: சூத்திரம் தெரியாததால் வழி தவறுபவர்கள் மிகக் குறைவு. பொருள் எங்கே, எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமலே கணக்கில் இறங்கிவிடுவதால்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறோம்: எது எதைத் தொடுகிறது? தொடும் இடத்தில் எது எதைத் தள்ளுகிறது?

ஒரு தாள், பென்சில், 30 செ.மீ. அளவுகோல், ஒரே மாதிரியான இரண்டு தடித்த புத்தகங்கள், ஒரு நீளமான பலகை ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு மட்டும் போகாதீர்கள், செய்து பாருங்கள்.

முதல் படி: நிறை வேறு, எடை வேறு

நிறை என்பது ஒரு பொருளை அசைக்கவோ நிறுத்தவோ திருப்பவோ போனால் அது எவ்வளவு அடம் பிடிக்கும் என்பதன் அளவு. அலகு கிலோகிராம். எங்கே கொண்டுபோனாலும் அது மாறாது.

எடை என்பது ஒரு விசை, அதாவது பூமி அந்தப் பொருளைக் கீழ்நோக்கி இழுக்கும் இழுவை. அலகு நியூட்டன். பூமியின் பரப்பில் ஒவ்வொரு கிலோகிராமையும் பூமி சுமார் 9.8 நியூட்டன் விசையால் இழுக்கிறது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை 588 நியூட்டன். அவரே நிலவில் நின்றால் எடை 100 நியூட்டனுக்கும் சற்றுக் குறைவு. நிறை அப்போதும் 60 கிலோகிராம்தான்.

இந்த வேறுபாட்டை மனத்தில் பதிய வைக்க நான் வழக்கமாகச் சொல்வது விண்வெளி நிலையத்தை. அங்கே எடை பார்க்கும் தராசு வேலை செய்யாது, ஏறி நின்றால் மிதப்போம். ஆனாலும் விண்வெளி வீரர்களின் உடல்நிறையை அளந்தாக வேண்டும். அதற்கு அங்கே ஒரு கருவி இருக்கிறது. சுருள்வில் ஒன்று வீரரைத் தெரிந்த விசையால் இழுக்கிறது, அவர் எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறார் என்று கருவி பார்க்கிறது. விசையை முடுக்கத்தால் வகுத்தால் நிறை வந்துவிடும். எடையே உணரப்படாத இடத்திலும் நிறை தன் அடத்தை விடுவதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கனமான பொருள் வேகமாக விழும் என்ற எண்ணம் பலருக்கும் உள்ளூர இருக்கிறது. கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுப்பது உண்மை. ஆனால் அதே அளவுக்கு அதன் அடமும் அதிகம். இரண்டும் சரிக்குச் சரியாக ஈடாகிவிடுவதால் காற்று குறுக்கிடாத இடத்தில் எல்லாப் பொருளும் ஒன்றுபோலவே விழும். 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

இரண்டாம் படி: வேகமும் முடுக்கமும்

இதை நீட்ட வேண்டியதில்லை. வேகம் என்பது ஒரு விநாடியில் கடக்கும் தூரம். அதோடு திசையையும் சேர்த்துச் சொன்னால் திசைவேகம். திசைவேகம் ஒரு விநாடியில் எவ்வளவு மாறுகிறது என்பது முடுக்கம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. வண்டி மணிக்கு 60 கி.மீ. என்று ஒரே சீராக வளைவில் திரும்பினாலும் அதற்கு முடுக்கம் உண்டு, ஏனென்றால் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. அடுத்தது, கணக்குப் போடும் முன் மணிக்குக் கிலோமீட்டரை விநாடிக்கு மீட்டராக மாற்றிக்கொள்ள வேண்டும். 3.6-ஆல் வகுத்தால் போதும்: மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர், 72 என்றால் 20 மீட்டர். இந்த இரண்டு எண்களும் பின்னால் திரும்ப வரும்.

மூன்றாம் படி: விசை என்ன செய்கிறது

ஒரு பொருள் தொடர்ந்து நகர வேண்டுமானால் அதைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் காலம் முதல் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் அறிஞர்கள் பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை முட்டாள்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. நம் அன்றாட அனுபவம் அதைத்தான் சொல்கிறது: தள்ளுவதை நிறுத்தினால் பெட்டி நிற்கிறது. அவர்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது பெட்டியின் அடிப்பக்கத்தை. தரையும் பெட்டியும் தொடும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு விசை எதிர்த்துக்கொண்டிருந்தது.

கலிலியோ சாய்தளங்களில் வழவழப்பான குண்டுகளை உருட்டி விட்டு, ஒழுகும் நீரின் அளவைக் கொண்டு நேரத்தை அளந்தார். உராய்வைக் குறைக்கக் குறைக்கக் குண்டு மேலும் மேலும் தூரம் ஓடும், உராய்வே இல்லையென்றால் நிற்கவே நிற்காது என்ற முடிவுக்கு அவரால் வர முடிந்தது. 1687-இல் நியூட்டன் அதை விதிகளாக வடித்தார். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் முன்னோக்கி உந்தித் தள்ளும் இயந்திரம் எதுவும் இயங்காமல் இன்றும் விநாடிக்கு ஏறத்தாழ 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தொட்டு நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

ஆக, விசை வேகத்தைத் தருவதில்லை, வேகத்தை மாற்றுகிறது. எழுதிக்கொள்ள வேண்டிய சூத்திரம்:

நிகர விசை = நிறை × முடுக்கம்

இதில் ‘நிகர’ என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். பொருளின் மேல் விழும் எல்லா விசைகளையும் திசையோடு கூட்டிக் கழித்தபின் மிஞ்சுவதுதான் முடுக்கத்தைத் தரும். சீரான வேகத்தில் நேராகப் போகும் பொருளின் மேல் நிகர விசை சுழி. விசைகள் இல்லை என்று பொருளல்ல, அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன.

இதே சூத்திரத்தை நேரத்தோடு சேர்த்தும் எழுதலாம்: விசை × நேரம் = நிறை × வேக மாற்றம். 160 கிராம் நிறையுள்ள, கல் போன்ற கடினமான பந்து ஒன்று விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. கையை விறைப்பாக நீட்டி 0.01 விநாடியில் நிறுத்தினால் சராசரியாக 320 நியூட்டன் கையில் அறையும். பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னால் இழுத்து 0.1 விநாடி எடுத்துக்கொண்டால் 32 நியூட்டன். பந்து ஒன்றே, வேகம் ஒன்றே, தொட்டுக்கொண்டிருந்த நேரம் மட்டும் பத்து மடங்கு கூடியது.

நான்காம் படி: கணக்குக்கு முன்னால் படம்

எந்தக் கேள்வியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள். நீங்கள் கவனிக்கும் பொருளை மட்டும் தனியாக ஒரு கட்டமாக வரையுங்கள். சுற்றியிருக்கும் தரை, கை, கயிறு எதையும் வரைய வேண்டாம். பிறகு பென்சில் முனையை அந்தக் கட்டத்தின் ஓரத்திலேயே வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வாருங்கள். வேறொரு பொருள் தொடும் இடம் வரும்போதெல்லாம் நில்லுங்கள். அங்கே ஒரு விசை இருக்கிறது. கை தொடும் இடத்தில் தள்ளும் விசை, கயிறு கட்டிய இடத்தில் இழுவிசை, தரை தொடும் இடத்தில் இரண்டு: பரப்புக்குச் செங்குத்தாக ஒன்று, பரப்போடு ஒட்டி ஒன்று. சுற்று முடிந்ததும், தொடாமலே இழுக்கும் புவியீர்ப்பை நடுவிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்பாகப் போடுங்கள்.

அவ்வளவுதான். அன்றாடக் கணக்குகளில் இந்தப் பட்டியலுக்கு வெளியே வேறு விசை கிடையாது. ‘முன்னோக்கிப் போகும் விசை’ என்று ஓர் அம்பு போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். எந்தப் பொருள் அதைத் தருகிறது என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் அப்படி ஒரு விசை இல்லை.

ஐந்தாம் படி: தரை திருப்பித் தள்ளுகிறது

மேசை மேல் புத்தகம் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது, ஆனாலும் விழவில்லை. புத்தகத்தின் பாரத்தில் மேசை கண்ணுக்குத் தெரியாத அளவு அமுங்கி, அமுக்கிய சுருள்வில்லைப் போல மேல்நோக்கித் தள்ளுகிறது. இதுதான் செங்குத்து விசை. எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் தள்ளும்.

இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, செங்குத்து விசையை எடையின் எதிர்வினை என்று எழுதுவது. ஒரு பொருள் மற்றொன்றைத் தள்ளினாலோ இழுத்தாலோ, மற்றதும் அதே அளவு விசையை எதிர்த்திசையில் திருப்பிக் கொடுக்கும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அதன்படி எதிர்வினை எப்போதும் அதே இரண்டு பொருள்களுக்கிடையே இருக்க வேண்டும். பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால், புத்தகம் பூமியை இழுப்பதுதான் அதன் எதிர்வினை. மேசை புத்தகத்தைத் தள்ளுவதற்கு எதிர்வினை, புத்தகம் மேசையைத் தள்ளுவது. இவை வேறு வேறு சோடிகள். சமதரையில் அசையாமல் இருக்கும்போது எடையும் செங்குத்து விசையும் சமமாக இருப்பதால் இந்தக் குழப்பம் வெளியே தெரிவதில்லை.

தெரிய வேண்டுமானால் லிப்டில் ஏறுங்கள். 60 கிலோகிராம் நிறையுள்ளவர் எடை பார்க்கும் கருவியின் மேல் நிற்கிறார். லிப்ட் மேல்நோக்கி ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் வேகம் கூடிக்கொண்டு கிளம்புகிறது. பூமி இழுப்பது அதே 588 நியூட்டன். ஆனால் அவரை மேல்நோக்கி முடுக்க இன்னும் 60 நியூட்டன் வேண்டும், ஆகவே தரை 648 நியூட்டன் தள்ளுகிறது. கருவி 66 கிலோ என்று காட்டும். எடை பார்க்கும் கருவி அளப்பது தன்னைத் தொடும் பாதங்கள் அழுத்தும் விசையை மட்டுமே. சீரான வேகம் வந்ததும் முள் பழையபடி 60-க்குத் திரும்பிவிடும்.

ஆறாம் படி: உராய்வு, தேவைக்கேற்ப வளரும் விசை

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். நிறை 20 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எடை 196 நியூட்டன், சமதரை என்பதால் செங்குத்து விசையும் 196 நியூட்டன். செங்குத்து விசையில் எத்தனை பங்கு உராய்வாக எழ முடியும் என்று சொல்லும் எண்தான் உராய்வுக் குணகம். பொருள் வழுக்காமல் நிற்கும்போது அதன் எல்லையைச் சொல்வது ஓய்வுநிலைக் குணகம், வழுக்கும்போது உள்ள உராய்வைச் சொல்வது இயக்கக் குணகம். பெட்டிக்கும் தரைக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4.

ஓய்வுநிலை உராய்வின் உச்ச அளவு = குணகம் × செங்குத்து விசை = 0.5 × 196 = 98 நியூட்டன்.

நீங்கள் 30 நியூட்டனால் தள்ளுகிறீர்கள். உராய்வு எவ்வளவு? 98 என்று எழுதினால் தவறு. 98 நியூட்டன் எதிர்த்தால் பெட்டி உங்களை நோக்கி அல்லவா நகர வேண்டும்? உராய்வும் 30 தான். 60 கொடுத்தால் உராய்வும் 60. 97 கொடுத்தால் 97. 98 என்பது அதன் எல்லை, அதுவரை நீங்கள் கொடுப்பதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். கேள்வித்தாளில் ‘குணகம்’ என்ற சொல்லைக் கண்டவுடன் பெருக்கி எழுதிவிடும் பழக்கம் எனக்கும் மாணவப் பருவத்தில் இருந்தது. பெட்டி நகர்கிறதா இல்லையா என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை ஓர் ஆசிரியர் கரும்பலகையில் பெட்டியை வரைந்து பின்னோக்கி அம்பு போட்டுக் காட்டிய அன்றுதான் புரிந்துகொண்டேன்.

100 நியூட்டனால் தள்ளும்போது எல்லை தாண்டிவிட்டது. பெட்டி வழுக்கத் தொடங்குகிறது. அந்தக் கணமே உராய்வு 0.4 × 196 = 78.4 நியூட்டனாகக் குறைந்துவிடுகிறது. நிகர விசை 21.6 நியூட்டன். 20-ஆல் வகுத்தால் முடுக்கம் 1.08, அதாவது ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1.08 மீட்டர் வேகம் கூடுகிறது. அந்தத் தடுமாற்றம் இங்கிருந்துதான் வந்தது. எதிர்த்து நின்ற விசை திடீரென்று ஏறத்தாழ இருபது நியூட்டன் குறைந்துபோக, உங்கள் உடல் பழைய பலத்திலேயே தள்ளிக்கொண்டிருந்தது.

விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும்போது கையை எடுத்துவிட்டால்? இப்போது உராய்வு மட்டும்தான். 78.4-ஐ 20-ஆல் வகுத்தால் வேகம் குறையும் வீதம் 3.92. நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × 3.92), ஏறத்தாழ 13 செ.மீ. தொடக்கத்தில் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டது.

இதே பெட்டியில் இன்னொரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்வில் அதே 100 நியூட்டன் விசையை இரண்டு விதமாகக் கொடுத்துப் பாருங்கள். முதலில், முன்னால் கயிறு கட்டி மேல்நோக்கிச் சாய்த்து இழுக்கிறீர்கள். 100 நியூட்டனில் கிடைமட்டப் பங்கு 86.6, மேல்நோக்கிய பங்கு 50. கயிறே பெட்டியின் பாரத்தில் 50-ஐத் தாங்கிக்கொள்வதால் தரை தாங்குவது 146 மட்டும். உராய்வின் எல்லை 73. இழுப்பது 86.6, பெட்டி நகரும். அடுத்து, பின்னால் நின்று கீழ்நோக்கிச் சாய்ந்து தள்ளுகிறீர்கள். கிடைமட்டப் பங்கு அதே 86.6. ஆனால் இப்போது உங்கள் 50 நியூட்டனும் சேர்ந்து பெட்டியைத் தரையோடு அழுத்துகிறது. செங்குத்து விசை 246, உராய்வின் எல்லை 123. பெட்டி அசையாது. அதே பெட்டி, அதே தரை, அதே பலம். தொடும் இடத்தில் அழுத்தும் விசை மாறியதால் முடிவே மாறிவிட்டது.

திசை பற்றி ஒரு வார்த்தை. உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிராக இருக்கும் என்று சொல்வது அரைகுறை உண்மை. தொடும் இரண்டு பரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைத்தான் அது எதிர்க்கிறது. நடக்கும்போது உங்கள் பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. பாதம் பின்னால் வழுக்காமல் தடுக்க உராய்வு அதை முன்னோக்கித் தள்ளுகிறது. உங்களை முன்னால் கொண்டுபோகும் விசையே உராய்வுதான். பனிக்கட்டியின் மேல் நடக்க முடியாமல் போவதற்குக் காரணமும் இதுவே.

ஏழாம் படி: குணகத்தை நீங்களே அளக்கலாம்

விசை அளக்கும் கருவி எதுவும் வேண்டாம். பலகையை மேசை மேல் படுக்கையாக வைத்து, ஒரு முனைக்கு அருகில் புத்தகத்தை வையுங்கள். அந்த முனையை மிக மிக மெதுவாக உயர்த்துங்கள். கை நடுங்கக் கூடாது, சின்ன அதிர்வே முடிவைக் கெடுத்துவிடும். புத்தகம் வழுக்கத் தொடங்கும் கணத்தில் அப்படியே நிறுத்தி, இரண்டு அளவுகளை எடுங்கள்: பலகையின் உயர்ந்த முனை மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அந்த முனைக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து பலகையின் மறுமுனை வரை மேசை மேல் எவ்வளவு தூரம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே ஓய்வுநிலை உராய்வுக் குணகம். உயரம் 18 செ.மீ., தூரம் 45 செ.மீ. என்றால் 0.4.

ஏன் இவ்வளவு எளிது? சாய்தளத்தில் புத்தகத்தின் எடை இரண்டு பங்காகப் பிரிகிறது. ஒரு பங்கு பலகையோடு ஒட்டிக் கீழே இழுக்கிறது, மற்றொன்று பலகையை அழுத்துகிறது. இந்த இரண்டு பங்குகளின் விகிதம் பலகையின் உயரத்துக்கும் அடித்தூரத்துக்கும் உள்ள விகிதமேதான். வழுக்கும் கணத்தில் முதல் பங்கு உராய்வின் எல்லையைத் தொட்டுவிட்டது, ஆகவே அதே விகிதம்தான் குணகமும்.

ஐந்தாறு முறை செய்து சராசரி எடுங்கள். ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் மாறும், அது உங்கள் குற்றமல்ல. பரப்பில் படிந்த தூசு, விரல் ஈரம், புத்தகம் வைத்த இடம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. உராய்வுக் குணகத்தை மூன்று தசம இடம் வரை சொல்பவர்களைக் கொஞ்சம் ஐயத்தோடு பாருங்கள்.

இயக்க உராய்வுக் குணகத்துக்கு, ஒவ்வொரு சாய்விலும் பலகையை விரலால் லேசாகத் தட்டுங்கள். தட்டியபின் புத்தகம் நிற்காமலும் வேகம் கூடாமலும் சீராக இறங்கும் சாய்வைக் கண்டுபிடியுங்கள். முந்தையதைவிடக் குறைந்த சாய்விலேயே அது கிடைத்துவிடும்.

கடைசியாக, முதல் புத்தகத்தின் மேல் இரண்டாவது புத்தகத்தையும் வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். பாரம் இரட்டிப்பாகியும் வழுக்கும் சாய்வு மாறாது. கீழே இழுப்பதும் இரட்டிப்பு, பிடித்து நிறுத்துவதும் இரட்டிப்பு.

எட்டாம் படி: தொடும் பரப்பு பெரிதானால் உராய்வு கூடுமா?

கூடும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மூன்று பக்கங்களும் வெவ்வேறு அகலமுள்ள ஒரு மரக்கட்டை கிடைத்தால், அதே பலகையில் ஒருமுறை அகலமான பக்கத்தில் படுக்க வைத்தும், ஒருமுறை ஒடுக்கமான பக்கத்தில் நிற்க வைத்தும் சாய்த்துப் பாருங்கள். பக்கங்கள் ஒரே மாதிரி இழைக்கப்பட்டிருந்தால் வழுக்கும் சாய்வு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

லியனார்டோ டா வின்சி இதைத் தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார், ஆனால் வெளியிடவில்லை. அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் மறுபடியும் கண்டறிந்து அறிவித்தார். உராய்வு அழுத்தும் பாரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்ற அந்த முடிவைக் கேட்ட அக்கால அறிஞர்கள் உடனே நம்பவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூலும் என்ற மற்றொரு பிரெஞ்சு அறிஞர் விரிவாகச் சோதித்து அதை உறுதிப்படுத்தினார். வழுக்கும் வேகத்தாலும் உராய்வு பெரிதாக மாறுவதில்லை என்பதையும் சேர்த்தார்.

காரணம் தெரிய இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எவ்வளவு இழைத்தாலும் எந்தப் பரப்பும் உண்மையில் சமமல்ல. நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக மலைத்தொடர் போல இருக்கும். ஒரு மலைத்தொடரைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்னொன்றின் மேல் வைத்தால் என்ன ஆகும்? சில சிகரங்கள் மட்டும் முட்டிக்கொள்ளும், மற்ற இடமெல்லாம் இடைவெளி. நமக்குப் பெரிய பரப்பு தொடுவது போலத் தெரிந்தாலும் உண்மையில் தொடுவது அதில் மிகச் சிறிய பகுதி. பாரம் கூடும்போது சிகரங்கள் நசுங்கி, புதிய சிகரங்களும் முட்டுகின்றன. பாரம் இரட்டித்தால் உண்மையான தொடுபரப்பும் ஏறத்தாழ இரட்டிக்கிறது, உராய்வும் அப்படியே. கட்டையைப் படுக்க வைத்தால் சிகரங்கள் நிறைய, ஒவ்வொன்றும் குறைவாக நசுங்கும். நிற்க வைத்தால் சிகரங்கள் சில, ஒவ்வொன்றும் அதிகமாக நசுங்கும். மொத்தம் ஒன்றே.

இது கல்லில் பொறித்த விதியல்ல. ரப்பர் போன்ற மென்மையான பொருள் பள்ளங்களுக்குள்ளும் புகுந்து பிடிப்பதால் பாரத்துக்கு நேர்விகிதத்தில் நடந்துகொள்வதில்லை. பந்தயக் கார்களின் டயர் அகலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழுத்தத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அழுத்தம் விசையைப் பரப்பால் வகுத்து வருவது, அங்கே பரப்பு முக்கியம். ஊசி துணிக்குள் இறங்குவதும், மணலில் அகலமான டயர் புதையாமல் போவதும் அழுத்தத்தின் வேலை. உராய்வின் வேலையல்ல.

ஒன்பதாம் படி: உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு

இதுவரை வந்த எல்லாம் ஒன்றுசேரும் இடம் பிரேக். ஓடும் வண்டியின் டயர் சாலையைத் தொடும் இடத்தை உற்றுக் கவனியுங்கள். சக்கரம் உருண்டாலும் தொடும் அந்தப் புள்ளி, தொட்டிருக்கும் கணத்தில் சாலையைப் பொறுத்து அசையாமல் இருக்கிறது. ஆகவே அங்கே வேலை செய்வது ஓய்வுநிலை உராய்வு. பிரேக்கை ஒரேயடியாக மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் வழுக்கத் தொடங்கும். பிடிப்பு இயக்க உராய்வாகக் குறையும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்காது. ஏபிஎஸ் அமைப்பு சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணர்ந்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது, டயரை அந்த எல்லைக்கு அருகிலேயே உருள வைத்திருக்கத்தான்.

நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × குணகம் × 9.8)

உலர்ந்த சாலையில் குணகம் 0.7 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டரில், நிற்க 7.3 மீட்டர் போதும். 72 கி.மீ. வேகத்தில் 29 மீட்டர். வேகம் இரட்டிப்பு, தூரம் நான்கு மடங்கு. மழையில் நனைந்த சாலையில் குணகம் 0.4 ஆகக் குறைந்தால் அதே 72 கி.மீ. வேகத்துக்கு 51 மீட்டர். இதெல்லாம் கால் பிரேக்கை அழுத்திய பிறகு. ஆபத்தைக் கண்டு கால் அழுத்துவதற்குள் ஒன்றரை விநாடி போனால், அதற்குள்ளேயே வண்டி 30 மீட்டர் ஓடியிருக்கும். மொத்தம் 81 மீட்டர். வீட்டு வாசலில் நின்று 81 மீட்டரை ஒருமுறை காலடியால் அளந்து பாருங்கள் என்று நான் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணாகப் படிப்பதற்கும் நடந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

சூத்திரத்தில் நிறை இல்லாததைக் கவனித்தீர்களா? பாரம் கூடினால் பிடிப்பும் கூடும், இரண்டும் ஈடாகிவிடும். ஆனால் அதை நம்பி வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக் கூடாது. நிறுத்தும்போது இயக்க ஆற்றல், அதாவது ஓடுவதால் வண்டிக்கு இருக்கும் ஆற்றல், முழுவதும் வெப்பமாக வேண்டும், பாரம் இரட்டித்தால் அந்த வெப்பமும் இரட்டிக்கும். பிரேக் சூடேறித் தளர்ந்துவிட்டால் மேலே போட்ட கணக்கு செல்லாது.

வளைவிலும் இதே பிடிப்புதான் வண்டியை உள்பக்கம் இழுத்துத் திருப்புகிறது. 50 மீட்டர் ஆரமுள்ள சமமான வளைவில் குணகம் 0.7 என்றால் மணிக்கு 66 கி.மீ. வரை தாங்கும், 0.4 என்றால் 50 கி.மீ. தான்.

பத்தாம் படி: இரண்டு விரலில் ஓர் அளவுகோல்

இப்போது 30 செ.மீ. அளவுகோலை எடுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டி அதன்மேல் அளவுகோலைக் கிடையாக வையுங்கள், ஒரு விரல் முனையிலும் மற்றொன்று நடுவுக்குச் சற்று அருகிலும் இருக்கட்டும். மெதுவாக விரல்களை ஒன்றையொன்று நோக்கிக் கொண்டுவாருங்கள். எந்த விரலை வேகமாக நகர்த்தினாலும், எங்கிருந்து தொடங்கினாலும், இரண்டும் அளவுகோலின் நடுவில்தான் சந்திக்கும். அளவுகோல் விழாது. கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் அப்படித்தான்.

கண்ணைத் திறந்து, விரல் தொடும் இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள். இரண்டு விரலும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. முதலில் ஒன்று வழுக்கும், மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு வழுக்கியது நின்றுவிடும், பிடித்திருந்தது வழுக்கும். மாறி மாறி.

இடது விரல் நடுவிலிருந்து 15 செ.மீ., வலது விரல் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவுக்கு அருகில் இருக்கும் வலது விரல் அதிகப் பாரம் தாங்குகிறது, ஆகவே அங்கே உராய்வின் எல்லை அதிகம். இடதில் பாரம் குறைவு, அதனால் இடதுதான் முதலில் வழுக்கும். வழுக்கி உள்ளே வர வர அதன் பாரம் கூடுகிறது. 10 செ.மீ.-க்கு வந்ததும் இரண்டிலும் பாரம் சமம். அங்கே நின்றுவிடும் என்றுதானே தோன்றுகிறது? நிற்காது. இடதில் இருப்பது இயக்க உராய்வு, வலதில் இருப்பது ஓய்வுநிலை உராய்வு, முன்னது சிறியது. ஓய்வுநிலைக் குணகம் 0.4, இயக்கக் குணகம் 0.3 என்றால் இடது விரல் 7.5 செ.மீ. வரை உள்ளே வந்த பிறகே அதன் உராய்வு வலதின் எல்லையை எட்டும். அந்தக் கணத்தில் வலது விடுபடும், இடது நின்றுவிடும். இப்போது வலது 10-லிருந்து வழுக்கி, 7.5-ஐயும் தாண்டி, 5.6 செ.மீ.-க்கு வந்ததும் மறுபடி முறை மாறும். அடுத்து இடது 4.2 வரை, பிறகு வலது 3.2 வரை. ஒவ்வொரு முறையும் நான்கில் மூன்று பங்காகக் குறைந்துகொண்டே போய் நடுவில் சேரும்.

இதைத் திருப்பியும் செய்து பாருங்கள். நடுவில் சேர்ந்திருக்கும் விரல்களை வெளிப்பக்கம் பிரியுங்கள். இம்முறை மாறி மாறி நகராது. ஏதோ ஒரு விரல் மட்டும் முனை வரை போய்விடும், மற்றது நடுவிலேயே அளவுகோலைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை. வெளியே நகரும் விரலின் பாரம் கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் பார்த்து, நான்காம் படியில் வரைந்ததுபோல அளவுகோலைத் தனியாக வரைந்து, மேலும் கீழுமாக உள்ள மூன்று அம்புகளைப் போடுங்கள்.